ஆசிரியர் மறைந்துவிட்டார், ஒரே பிரதி

இணையத்தில் பழைய புத்தகம் ஏலம் விடுகிறவர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் தீரவில்லை. 'அரிய' என்ற சொல் இல்லாமல் அவர்களுக்கு ஒரு வரி எழுத வராது. போன வருஷத்துப் பிளஸ் டூ கைடுகூட அவர்களுக்கு அரிய புத்தகம்தான். கரையான் அரித்த ஓட்டைகளைப் 'பழமையின் அழகு' என்பார்கள். பண்ருட்டிப் பக்கத்து ஆள் ஒருவர், முந்திரிக்கொட்டை எண்ணெய் ஊறிக் கறுத்துப்போன காகித அட்டையைத் தோல் பைண்டிங் என்று விற்றார். இன்னொருவர், யாரோ பேனாவால் முதல் பக்கத்தில் போட்டு வைத்திருந்த பிள்ளையார் சுழியைப் பெரிதாகப் படம் பிடித்து, ஆசிரியரின் சுருக்கொப்பம் என்று போட்டிருந்தார். அதையும் ஒரு பெங்களூர்க்காரர் போட்டி போட்டு வாங்கினார்.

நான் கடலூரில் ஒரு கல்லூரி நூலகத்தில் உதவியாளர். மஞ்சக்குப்பத்தில் அப்பாவோடு இருந்தேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதற்கு யாரும் காரணம் தேட வேண்டாம். எனக்கு இருந்த ஒரே பைத்தியம் தொடர்கதை பைண்டுகள். வாரப் பத்திரிகையில் வரும் தொடர்கதையை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, கதை முடிந்ததும் கோணி ஊசியால் தைத்து, அட்டை போட்டு வைத்துக்கொள்வது ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு நடந்த வேலை. கதாநாயகி அழுதுகொண்டிருக்கும் பக்கத்துக்குப் பின்னால் தலைவலித் தைல விளம்பரம் இருக்கும். பத்திரிகையில் வந்த படங்கள் பிறகு புத்தகமாகும்போது வராது என்பதால் எனக்கு அந்த பைண்டுகள்தான் வேண்டும். ஏலக்காரர்கள் அதையும் கூசாமல் 'முதல் பதிப்பு' என்பார்கள்.

ஒருமுறை 'முழுமையானது' என்று எழுதியிருந்ததை நம்பி ஒரு பைண்டு வாங்கினேன். கடைசி ஆறு வாரம் இல்லை. கொலை செய்தது யாரென்றே தெரியாமல் புத்தகம் முடிந்துவிட்டது. விற்றவருக்கு எழுதிக் கேட்டேன். முடிவை வாசகரின் கற்பனைக்கு விட்டிருக்கிறார்கள் மேடம் என்று பதில் வந்தது. அந்த ஆள் நேரில் இருந்திருந்தால் அந்தக் கோணி ஊசி எதற்கு என்று காட்டியிருப்பேன்.

இவர்களுடைய தந்திரங்களிலேயே கீழ்த்தரமானது கட்டைவிரல். பக்கத்தைப் படம் எடுக்கும்போது, பிடித்துக்கொள்வதுபோலக் கட்டைவிரலை நூலக முத்திரை மேல் வைத்து மறைப்பார்கள். திருட்டுப் புத்தகம் என்று தெரியக் கூடாது இல்லையா. அதனால் எந்தப் படத்தைப் பார்த்தாலும் நான் முதலில் கட்டைவிரலைத்தான் பார்ப்பேன்.

2009 மழைக்காலம். நூலகத்தில் ஆள் இல்லாத ஒரு மத்தியானம் ஏலப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா எழுதிய நாவல் அதில் இருந்தது.

அப்பா நில அளவை அலுவலகத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். வாழ்நாளில் ஒரே ஒரு நாவல் எழுதினார். சொந்தச் செலவில் ஐந்நூறு பிரதி அச்சடித்தார். அதைப் பற்றி எங்கேயும் யாரும் ஒரு வரி எழுதவில்லை. விற்காத பிரதிகள் வீட்டில் அடுக்கிக் கிடந்து, ஒரு வருஷ வெள்ளத்தில் நனைந்து உப்பி, எடைக்குப் போய்விட்டன. அவரிடமே ஒரு பிரதி கிடையாது. அந்தப் புத்தகத்துக்குக் கீழே இப்படி எழுதியிருந்தது: "மிக அரிய நாவல். ஆசிரியர் கையெழுத்திட்டது. ஆசிரியர் மறைந்துவிட்டார், ஒரே பிரதி. விற்பவர் ஊர்: சிதம்பரம்."

மறைந்துவிட்ட ஆசிரியர் அன்று காலையில்தான் சட்னி தண்ணியாக இருக்கிறது என்று என்னோடு சண்டை போட்டுவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு பென்ஷன் விஷயமாக ஆபீசுக்குப் போயிருந்தார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆள் செத்தால் புத்தகத்துக்கு விலை ஏறும் என்பதற்காக உயிரோடிருப்பவரைக் கொன்றுவிடுவதா? படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் பக்கத்தில் அப்பாவின் கையெழுத்து இருந்தது. அதற்கு மேலே ஏதோ ஒரு வரி எழுதியிருந்தது, அந்த வரியை ஒரு கட்டைவிரல் மறைத்திருந்தது. அந்த விரலின் நகம் நடுவில் இரண்டாகப் பிளந்திருந்தது. சைக்கிள் செயினில் மாட்டி அப்படி ஆன நகம். ரத்தம் சொட்டச் சொட்ட அந்தக் கையைத் தாவணியில் சுற்றி ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடியவள் நான். அது என் தம்பியின் விரல்.

விரலுக்கு அடியில் என்ன எழுதியிருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். பத்தாம் வகுப்பில் அவன் நல்ல மார்க் வாங்கியபோது, 'என் மகனுக்கு' என்று எழுதி அப்பா கொடுத்த பிரதி அது.

தம்பி 2004-இல் ஒரு கிறிஸ்தவப் பெண்ணை ரெஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டான். சிதம்பரத்தில் நர்ஸ் வேலை பார்க்கிற பெண். விஷயம் தெரிந்த அன்றே அப்பா கிணற்றடிக்குப் போய்த் தலைமுழுகினார். பெற்ற பிள்ளை செத்துவிட்டதாக எண்ணித் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, இனி எனக்குப் புள்ள இல்ல என்று சொல்லிவிட்டார். சொன்னதோடு விடவில்லை. அரசாங்க வேலை பார்த்தவர் இல்லையா, எல்லாம் முறைப்படி நடக்க வேண்டும். மறு வாரமே தாலுக்கா ஆபீசுக்குப் போய் ரேஷன் கார்டில் அவன் பெயரை அடிக்க வைத்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அவன் பெயரை எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை.

ஆனால் 2009 சித்திரையில் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பிய பிறகு அவரிடம் ஒரு சின்ன மாற்றம். டிவியில் மழைச் செய்தி வந்தால், "சிதம்பரம் பக்கம்லாம் ஜாஸ்தியா?" என்று கேட்பார். யாரைப் பற்றி என்று நானும் கேட்க மாட்டேன், அவரும் சொல்ல மாட்டார். அது எனக்குப் போதும். இன்னும் கொஞ்ச நாளில் அவனை வாசல் வரைக்குமாவது கூட்டி வந்துவிடலாம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அப்பா உயிரோடு இருக்கும்போதே அது நடக்க வேண்டும். இந்த 'மறைந்துவிட்டார்' அவர் கண்ணில் பட்டால் எல்லாம் அதோடு முடிந்தது. ஏலம் முடிய எட்டு நாள் இருந்தது. அதற்குள் அந்த ஒரு வார்த்தையை எடுக்க வைக்க வேண்டும்.

அடுத்த நாளே லீவு போட்டுவிட்டுச் சிதம்பரம் பஸ் ஏறினேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டும் வரைக்கும் என்ன திட்டலாம் என்று மனசுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டே போனேன். பல்கலைக்கழகத்துக்குப் போகிற வழியில் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான் என்பது தெரியும். ஹாஸ்டல் பையன்கள் ஊருக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போகும் புத்தகங்களை வாங்கி நெட்டில் விற்கிறான் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. கடை முழுக்கப் புத்தகம். ஐந்து வருஷத்துக்குப் பிறகு என்னைப் பார்த்தவன், "வா அக்கா" என்றுகூடச் சொல்லவில்லை. ஜெராக்ஸ் மிஷினை நிறுத்தவும் இல்லை.

"யார்ரா செத்தது?" என்றேன்.

"பாத்துட்டியா?" என்றான். முகத்தில் ஒரு குற்ற உணர்ச்சி இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அப்பா உயிரோட இருக்கும்போதே செத்துட்டார்னு போட்டு வியாபாரம் பண்றியே, வெக்கமா இல்ல? அந்த வார்த்தய இப்பவே எடு. என் கண்ணு முன்னால எடு."

"எடுக்க முடியாது."

"ஏன்?"

"நான் பொய் எழுதலியே. அவர் எனக்குத் தலமுழுகுனார் இல்ல? அப்ப நான் செத்தவன். செத்தவனுக்கு அப்பா எங்கேந்து வருவாரு? அன்னிக்கே அவரும் போயிட்டாரு. நான் இப்பதான் ஊருக்குச் சொல்றேன்."

"அவரு வயசென்ன, உன் வயசென்ன? அவரு ஏதோ கோவத்துல..."

"கோவத்துலயா? ரேஷன் கார்டுல பேர அடிச்சதும் கோவத்துலதானா?" மிஷினை அப்போதுதான் நிறுத்தினான். "சரி, அவர விடு. அவருக்குத் தோள்பட்ட வலி. கைய தலைக்கு மேல தூக்க முடியாது. அன்னிக்கி அவர் தலையில தண்ணிய மொண்டு ஊத்துனது யாரு?"

நான்தான் ஊற்றினேன். இதுவரைக்கும் அதைச் சொல்லாமல் வந்திருக்கிறேன். யாரிடமும் சொன்னதில்லை. அப்பா கிணற்றடியில் உட்கார்ந்துகொண்டு, "ஊத்து" என்றார். வாளி வாளியாக இறைத்து ஊற்றினேன். பிடிக்காமல்தான் செய்தேன் என்று இப்போது சொல்லலாம். அன்றைக்கு எனக்கும் அவன் மேல் ஆத்திரம் இருந்தது. என்னைத் தனியாக அந்த மனிதரிடம் மாட்டிவிட்டுப் போய்விட்டான் என்ற ஆத்திரம். கடைசி வாளியை வேகமாகவே ஊற்றினேன்.

டூட்டி முடிந்து வந்த அவன் மனைவி கடை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். "உள்ள வாங்க அண்ணி, டீ போடறேன்" என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். பின்னாலேயே வந்து, மருந்துச் சீட்டுக்குப் பின்பக்கம் அவனுடைய செல் நம்பரை எழுதிக் கொடுத்தாள். "அந்த வார்த்தய அவுங்க எடுக்க மாட்டாங்க. நான் சொன்னேன், கேக்கல" என்றாள். பஸ்ஸில் திரும்பும்போது ஒருத்தர் ஜன்னலைச் சாத்தச் சொன்னதற்கு அவரோடு சண்டை போட்டேன்.

அப்பா கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். அவருக்குக் கம்ப்யூட்டரில் கை வைக்கத் தெரியாது. எட்டு நாள் எப்படியாவது ஓடிவிடும்.

மூன்றாவது நாள் காலையில் அழைப்பு மணி அடித்தது. அப்பாதான் போய்க் கதவைத் திறந்தார். வெளியே நின்றது அண்ணாகிராமத்துக்காரர், அப்பாவோடு ஒரே ஆபீசில் இருபது வருஷம் வேலை பார்த்தவர். கையில் நியூஸ்பேப்பரில் சுற்றிய பெரிய பொட்டலம். அப்பாவைப் பார்த்ததும் அவர் முகத்தில் ரத்தமே இல்லை. பிறகு பொட்டலத்தை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். பொட்டலத்தில் இருந்து ரோஜா இதழ்கள் வாசல்படியில் உதிர்ந்தன.

"யாருக்குய்யா மால?" என்றார் அப்பா.

அவர் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வழியில் கோயிலுக்கு என்று சொல்லியிருக்கலாம். அந்த நல்ல மனுஷனுக்குப் பொய் வரவில்லை. "உங்களுக்குத்தான் சார்" என்றார். பேரன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான், அவன்தான் நெட்டில் பார்த்துவிட்டுப் போன் போட்டான், மனசு கேட்காமல் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டேன், போன் போட்டுக் கேட்டிருக்கணும், துக்க வீட்டுக்குப் போன் போட்டு விசாரிப்பது மரியாதை இல்லையே என்று நினைத்தேன் என்று திக்கித் திக்கிச் சொன்னார். வந்தவருக்கு அப்பா காபி கொடுக்கச் சொன்னார். மாலையை வாங்கிக் கையால் எடை பார்த்தார். "நல்ல மாலதான். செலவு ஜாஸ்தி ஆயிருக்கும்" என்றார். வந்தவர் போன பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"நெட்டுல என்னா போட்டுருக்கு? நீ பாத்திருப்பியே. காட்டு."

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. மஞ்சக்குப்பம் மைதானத்துக்கு எதிரே ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. அங்கே கூட்டிக்கொண்டு போனேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தார். படத்தைப் பெரிதாக்கச் சொன்னார். அந்த விரலை ரொம்ப நேரம் பார்த்தார். யாருடைய விரல் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

"கீழ கேள்வி கேக்கலாம்னு இருக்கே, அது என்னா?" என்றார்.

வாங்க நினைப்பவர்கள் விற்பவரிடம் சந்தேகம் கேட்கும் இடம் அது. கேள்வியும் பதிலும் பார்க்கிற எல்லோருக்கும் தெரியும்.

"அடி. 'ஆசிரியர் இறந்தது எந்தத் தேதி?'"

"வேணாம்ப்பா."

"அடின்னு சொல்றேன்ல."

அடித்தேன். அன்றைக்குத் தண்ணீர் ஊற்று என்றபோது ஊற்றிய அதே கை. என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

மறுநாள் காலையில் அப்பா எனக்கு முன்னால் சட்டை போட்டுத் தயாராக நின்றார். சென்டர் திறக்கும் வரை வெளியே காத்திருந்தோம். பதில் வந்திருந்தது: "2004 ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. சொந்த வீட்டுக் கிணற்றடியில்."

நான் அப்பாவின் முகத்தைப் பார்க்கப் பயந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்து குரல் வந்தது.

"செவ்வா இல்ல. புதன்கெழம" என்றார்.

அப்புறம் ஏலத்தில் பெயரைப் போடச் சொன்னார். "என் பொஸ்தகத்த கண்டவன்லாம் வாங்கிட்டுப் போவானா?" அந்தப் பெங்களூர் ஆளோ வேறு யாரோ, ஒருத்தர் விடாமல் விலையை ஏற்றிக்கொண்டே போனார். அப்பா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "போடு. இன்னும் போடு. செத்தவன் பொஸ்தகத்துக்கு இவ்வளவு மரியாதயா?" என்று அந்த முகம் தெரியாத ஆளைத் திட்டினார். உயிரோடிருந்தபோது ஒரு பிரதி விற்காத மனிதர், தன் சாவுக்குக் கிடைத்த விலையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாரா, வயிறெரிந்தாரா என்று என்னால் சொல்ல முடியவில்லை. இரண்டும் இருந்திருக்கும். கடைசியில் எங்களுக்கே கிடைத்தது.

கூரியரில் புத்தகம் வந்தது. நன்றாகத்தான் பேக் செய்திருந்தான். அப்பா பிரித்து, நேராக முதல் பக்கத்துக்குப் போனார். அந்தப் பக்கம் இல்லை. தையலை ஒட்டிப் பிளேடால் நறுக்கென்று அறுத்து எடுத்திருந்தது.

அப்பா கத்திய கத்தலில் எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "ஏமாத்துக்காரப் பசங்க! கையெழுத்து போட்டதுன்னு வித்துட்டு அதையே அறுத்துகினு அனுப்புறான்! போன் நம்பர் இருக்கா? போடு!" மாத்திரை சாப்பிட்டுவிட்டுப் பேசலாம் என்றேன். என் கையில் இருந்த போனைப் பிடுங்கப் பார்த்தார். மருந்துச் சீட்டை எடுத்து, நம்பரை அடித்து, ஸ்பீக்கரில் போட்டு அவர் கையில் கொடுத்தேன். இந்த முறை யாரும் சொல்லாமல் நானாகச் செய்தது அது. அங்கே ஜெராக்ஸ் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"ஹலோ. பொஸ்தகம் விக்கிறவரா?" என்றார் அப்பா.

மிஷின் சத்தம் நின்றது.

"ஆமா சார். சொல்லுங்க."

"கையெழுத்து போட்டதுன்னு போட்டுருந்தீங்க. அந்தப் பக்கத்தையே காணும். பிளேடு வச்சி அறுத்துருக்கு. ஏமாத்து வேலதான இது?"

"அந்தப் பக்கம் விக்கிறதுக்கு இல்ல சார்."

"அப்ப எதுக்கு போட்டோ எடுத்துப் போட்டீங்க?"

"மொதல்ல மொத்தமாத்தான் விக்கப் போட்டேன். எழுதுனவரு செத்துட்டாருன்னு நெனச்சிட்டிருந்தேன். அப்புறம் தேதி கேட்டு ஒரு கேள்வி வந்துச்சி. அப்படிக் கேக்கறவரு ஒருத்தர்தான்." அவன் குரல் உடைந்தது, உடனே கோபமாக மாறியது. "அதான் அறுத்து எடுத்துகினேன். என் பேர்ல எழுதிக் குடுத்தது. யாருக்கும் தர மாட்டேன்."

"பொருள் சரியில்லன்னா பணத்தத் திருப்பித் தரணும்."

"நேர்ல வந்தா தரேன் சார்" என்றான். இணைப்பைத் துண்டித்துவிட்டான்.

அப்பா போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"வச்சிட்டான்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "திரும்ப எப்படிப் போடறது?" என்று கேட்டார்.

பச்சைப் பட்டனை இரண்டு தடவை அமுக்க வேண்டும் என்றேன். அமுக்கினார்.